என் ஓட்டு டைரோஸ்-8க்கு

வானிலை செயற்கைக்கோள்னு பேச்செடுத்தாலே டைரோஸ்-1க்குத்தான் மாலை மரியாதையெல்லாம். 1960 ஏப்ரல் 1 அன்னிக்கு (முட்டாள்கள் தினத்துலதாங்க!) அமெரிக்கா ஏவினது. ரெண்டு டிவி கேமரா, 78 நாள் உழைப்பு, சுமார் 23 ஆயிரம் படங்கள். பெரிய விஷயம்தான், இல்லைங்கல. ஆனா படமெல்லாம் இறங்கினது நியூஜெர்சியிலயும் ஹவாயிலயும் இருந்த அவங்க நிலையங்கள்ல. மத்த நாடுகளுக்கு அவங்க பாத்து ஏதாவது அனுப்பினாத்தான் உண்டு.

1963 டிசம்பர்ல போன டைரோஸ்-8தான் என்னைப் பொறுத்தவரை நிஜ ஹீரோ. அதுல ஏ.பி.டி.ன்னு ஒரு சங்கதி. எடுத்த படத்தை அப்பவே, ரேடியோ ஸ்டேஷன் மாதிரி, கீழ இருக்கறவங்க எல்லாருக்கும் ஒலிபரப்பிடும். ஒரு படம் வந்து முடிய மூணு நிமிஷத்துக்கு மேல ஆகும். அவ்வளவு மெதுவா அனுப்பினதாலதான் சின்ன ஆன்டெனாவும் ஃபேக்ஸ் மாதிரி ஒரு மெஷினும் போதுமானதா இருந்துச்சு. பூட்டு கிடையாது, சந்தா கிடையாது. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிஞ்சு 14 மாசம்தான் ஆகியிருந்த நேரத்துல இது! அமெரிக்காவுக்கு இதுல விளம்பரம் இல்லாமலா? இருந்துட்டுப் போகட்டும். தன் தலைக்கு மேல திரள்ற மேகத்தைப் பாக்க எந்த நாடும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லையே.

நோவா செயற்கைக்கோள்கள்ல இதே ஏ.பி.டி. 2025 வரைக்கும் ஓடுச்சு. 62 வருஷம்! (நாங்க எழுதற கோடு ரெண்டு வருஷம் தாங்கினாலே பார்ட்டிதான்.) மொட்டைமாடியில கம்பியை வளைச்சுக் கட்டிப் படம் பிடிச்ச பசங்க உலகம் பூரா உண்டு.

"இப்பதான் எல்லாம் நெட்லயே வருதே"ம்பீங்க. புயலடிக்கிற அன்னிக்கு முதல்ல போறது கரண்டும் நெட்டும்தானேங்க?