500 வொட் என்று ஒட்டினால் 500 வொட் ஆகிவிடுமா?

எங்கட குழுவின் பொதுக் கொம்பியூட்டர் போன மாதம் ஒரு மழை இரவில் நின்றுபோனது. கரண்ட் போய் வந்தது, அதோடு சரி. பட்டனை அமத்தினால் ஃபேன் ஒருக்கால் அசைந்துவிட்டு நிற்கும். பவர் சப்ளைதான் போய்விட்டது என்று கண்டுபிடிக்க அரை நாள் எடுத்தது. புதுசு எதை வாங்குவது என்று சண்டை பிடிக்க மூன்று நாள் எடுத்தது.

சண்டைக்குக் காரணம் கடையில் கண்ட ஒரு பெட்டி. 500 வொட், விலை 3,500 ரூபாய். அதற்குப் பக்கத்தில் பெயர் தெரிந்த கொம்பனியின் 450 வொட், 14,000 ரூபாய். "தம்பியவை, எல்லாரும் இதைத்தான் கொண்டு போயினம். ஒரு பிரச்சினையும் வரேல்லை" என்றார் கடைக்கார அண்ணை. எங்களில் பாதிப்பேர் அவர் பக்கம் நின்றோம்.

அவர்களைப் பிழை சொல்ல ஏலாது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டியபோது கொம்பியூட்டர்ச் சாமான்களின் விலையும் ஏறியது. காசில்லாதவனிடம் "நல்லதா வாங்கு" என்று புத்தி சொல்வது சுகம். ஆகவே விலையை விட்டுவிட்டு, பெட்டி சொல்வது உண்மையா என்று மட்டும் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்த கணக்குத்தான்: வோல்டை அம்பியரால் பெருக்கினால் வொட். பவர் சப்ளையின் பக்கத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியே அம்பியர் போட்டிருக்கும். இப்போதைய கொம்பியூட்டரில் சிபியுவும் கிராபிக்ஸ் கார்ட்டும் பெரும்பாலும் 12 வோல்டில் இருந்துதான் இழுக்கின்றன. எனவே பார்க்க வேண்டியது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

மலிவுப் பெட்டியைத் திருப்பினோம். 12 வோல்டுக்கு நேரே 16 அம்பியர். பெருக்கினால் 192 வொட்! 500 என்று பெரிய எழுத்தில் முன்னுக்கு. 192 என்று சின்ன எழுத்தில் பக்கத்தில். மிச்சம் 3.3, 5 வோல்ட் கட்டங்களில் இருக்கிறதாம். அவ்வளவை அங்கே இழுக்க எங்கட மெஷினில் ஒரு சாமானும் இல்லை. கேம் விளையாடும் பெடியள் இதையும் கணக்குப் பாருங்கோ: ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்ட் ஒன்றுக்கு 125 வொட், 65 வொட் போட்ட சிபியு ஒன்று. கூட்டினால் 190. அந்த அட்டவணையை அப்படியே நம்பினாலும் மூச்சுவிட இடமில்லை.

சுமை கூடினால் நல்ல பவர் சப்ளை தானாக நின்றுவிடும். அதற்கான பாதுகாப்புச் சுற்றுகள் உள்ளே இருக்கும். காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கை வைப்பது இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பாகங்களில்தான். அவை இல்லாத பெட்டி தான் சாகும்போது மதர்போர்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வொறன்டி பவர் சப்ளைக்குத்தான். அது எரித்துவிட்டுப் போகும் டிஸ்குக்கு ஒருவரும் வொறன்டி தருவதில்லை.

சண்டை முடிந்ததும் இந்த இடத்தில்தான். எங்கட டிஸ்க்கில் இரண்டு வருச ஒலிப்பதிவுகள் கிடக்கின்றன. அதில் பேசிய ஒரு அப்பாச்சி இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை. 10,500 ரூபாய் வித்தியாசத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மலிவுக் கட்சியில் நின்றவர்களே வாயடைத்துப் போனோம்.

இன்னும் இரண்டு மூன்று அடையாளங்கள். பின்னுக்கு 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது அநேகமாகப் பழைய, மலிவான வடிவமைப்பு. எங்கட நாட்டில் 230 வோல்ட். தவறி 115 இல் விட்டுச் செருகினால் வெடிக்கும். '80 பிளஸ்' சான்று 2004 இல் தொடங்கியது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் அளக்கிறது, பாதுகாப்பை இல்லை. ஆனால் முழுச் சுமையிலும் வைத்து அளப்பதால் வொட் கணக்கில் பெரிய பொய் சொல்வது கடினம். சும்மா ஒட்டிய ஸ்டிக்கராகவும் இருக்கலாம். அந்த மொடல் 80 பிளஸ்காரரின் பட்டியலில் இருக்கிறதா என்று போனிலேயே தேடிப் பாருங்கோ. அதோடு எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் மட்டும் செருகுங்கோ. கேசிங்கைத் தொட்டால் கையில் சுள்ளென்று அடிக்கிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த எர்த்தைத்தான்.

அப்போ 3,500 ரூபாய்தான் கையில் உள்ளவர் என்ன செய்வது? எங்கட அபிப்பிராயம் இது: 500 என்று பொய் சொல்லும் புதுப் பெட்டியை விட, 250 என்று உண்மை சொல்லும் பழைய பெட்டி மேல். கந்தோர்களில் இருந்து கழித்த பெயருள்ள மெஷின்களின் பவர் சப்ளை செக்கன்ட் ஹான்ட் கடைகளில் கிடைக்கும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத படிப்பு மெஷினுக்கு அது போதும். ஆனால் சிலதின் வயர் முனை எங்கட போர்ட்டுக்குப் பொருந்தாது. அளவும் வேறாக இருக்கும். பழைய பெட்டியைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு, கடையிலேயே கொளுவிப் பார்த்து வாங்குங்கோ.

நாங்கள் ஒரு மாதம் காசு சேர்த்து அந்த 450 ஐ வாங்கினோம். அதற்கு முன்னரே டிஸ்க்கைக் கழற்றி, ஒரு நண்பியின் லப்டொப்பில் கொளுவி, ஒலிப்பதிவுகளை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தாயிற்று. எந்தப் பெட்டி வாங்கினாலும் அதை முதலில் செய்யுங்கோ. அதற்குக் காசும் பெரிதாகத் தேவையில்லை.