இரசிகர் தளமா, இரவல் திண்ணையா?

இணையவழி விளையாட்டு என்றதும் முகஞ்சுழிப்போர் ஒருபுறம். அவ்விளையாட்டின் பெயரால் நாளுக்கொரு பக்கந் திறந்து விருப்பக்குறிகளை எண்ணியிருப்போர் மறுபுறம். இவ்விரு சாராரும் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றனர். விளையாடுவோர் தம் அனுபவத்தாற் சேர்க்கும் அறிவும் அறிவே. அதனைத் திரட்டிச் சோதித்துத் தமக்குச் சொந்தமான முகவரியில் நிலைநிறுத்துவதே இரசிகர் தளத்தின் பணியாகும். ஏனையவை ஆரவாரமே.

2017இல் வெளிவந்த ஃப்ரீ ஃபயர் எமது தில்லையடி இளைஞரின் கைத்தொலைபேசிகளிலும் குடிகொண்டுள்ளது. எத்துப்பாக்கி எத்தூரத்திற்கு ஏற்றது, பாதுகாப்பு வட்டம் சுருங்குகையில் எவ்வழி ஒதுங்கலாம் என்பனவற்றை அவர்கள் தமிழிலேயே விவாதிக்கின்றனர். அவ்விவாதமோ வாட்சப் குழுவிற் பிறந்து மறுநாளே அங்கு புதையுண்டு போகின்றது. தளம் அமைக்கப் புறப்படுவோரிற் பலர் ஆங்கிலப் பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் அப்படியே இறக்கிவைக்கின்றனர். வேறு சிலர் ‘இலவச வைரம்’ என ஆசைகாட்டிச் சிறுவரின் கணக்குகளைக் களவாடும் இணைப்புகளுக்கும் இடமளிக்கின்றனர். இவற்றை இரசிகர் தளம் என்பது அச்சொல்லுக்கே இழுக்காகும்.

“முகநூலில் இலவசமாக இடமிருக்கத் தனித்தளம் எதற்கு?” என்பர். இதற்கு விடையாக ஒரு வரலாற்றை எடுத்துக்காட்டலாம். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டின் இரசிகர்கள் 2004இல் வாவ்விக்கி என்னும் தகவற்களஞ்சியத்தைத் தொடங்கினர். 2007இல் அது விக்கியா நிறுவனத்தின் கீழ்ச் சென்றது. 2010இல் அந்நிறுவனம் பக்கங்களின் தோற்றத்தைத் தன் விருப்பப்படி மாற்றவே, எழுதியோரிற் பெரும்பாலோர் வெளியேறி வாவ்பீடியாவை நிறுவினர். அப்புதிய தளத்தை நடத்திய பிரிவையும், ஃபேன்டம் எனப் பெயர்மாறிய அதே விக்கியா 2018இல் விலைக்கு வாங்கியது. 2023இல் அவர்கள் மீண்டும் வெளியேற நேர்ந்தது. பகிர்ந்து பயன்படுத்த இடந்தரும் உரிமத்தின்கீழ் எழுதியமையாற் கட்டுரைகளைப் பிரதிசெய்து எடுத்துச்செல்ல முடிந்தது. பழைய முகவரியையும் அதற்குப் பழகிய வாசகரையும் எடுத்துச்செல்ல முடியவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலர் வந்து குடியேறிய ஊர் தில்லையடி. அப்பெருந்துயரோடு ஒரு விளையாட்டுத் தளத்தை ஒப்பிடுவது பேதைமை. ஆயினும், உறுதி கையிலில்லாத காணியிற் கட்டிய வீடு எத்தகையது என்பதை இவ்வூரவர்க்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அவ்வாறிருக்க, எமது இளைஞர் தம் உழைப்பனைத்தையும் அந்நியரின் திண்ணையிற் கொட்டுவதேன்?

“விளையாட்டே நாளை மறைந்துவிடும், வீண் உழைப்பன்றோ?” என்பது மற்றுமோர் ஆட்சேபம். விளையாட்டு மறையக்கூடும் என்பது மெய்யே. 2022 பெப்ரவரியில் இந்திய அரசு ஃப்ரீ ஃபயரைத் தடைசெய்தது. அங்ஙனம் ஓர் ஆணையால் விளையாட்டு நின்றுபோகலாம் என்பதாலன்றோ அதுபற்றிய பதிவு வேண்டப்படுகின்றது! அன்றியும், ஒரு கூற்றைச் சோதித்தல், திகதியிடல், பிழை கண்டவிடத்துத் திருத்தல் என்னும் பழக்கங்கள் விளையாட்டோடு மறைவனவல்ல. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2005இல் தொடங்கிய நூலகமும் ஊதியம் நோக்காத ஆர்வலர் இத்தகைய பழக்கங்களால் வளர்த்தெடுத்தவையே.

எனவே தளம் அமைப்போர் சிலவற்றை உறுதிசெய்தல் வேண்டும். நண்பர் சிலர் பங்கிட்டு ஆண்டுக்கட்டணஞ் செலுத்திச் சொந்த முகவரி பெறுக. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் முடங்காதிருக்கட்டும். ஒவ்வொரு கட்டுரையிலும் விளையாட்டின் எப்பதிப்பில், எந்நாளிற் சோதிக்கப்பட்டது என்பது குறிக்கப்படுக. யாவற்றுக்கும் பிரதிகள் வேறிடத்திற் பேணப்படுக. வைரம் வாங்கப் பணம் கரையும் விதத்தைப் பெற்றோரும் விளங்குமாறு எழுதுக. முதன்முறை விளையாட வரும் சிறுவனுக்கு விளங்கும் தமிழ் அங்கு வழங்கட்டும்.

ஆயிரம் விருப்பக்குறிகள் ஒரு வாரத்தில் மறக்கப்படும். சோதித்தெழுதிய பத்துக் கட்டுரைகள் அடுத்த தலைமுறைக்கும் உதவும். இவற்றுள் எது வேண்டுமென்பதை எமது இளைஞர் இன்றே தீர்மானிக்கட்டும்.