கார் கொட்டகைக் குழி

பழைய வீட்டை விலைக்கு வாங்குவோர் சிலர், கார் கொட்டகையின் நடுவே நீண்டதொரு குழியைக் கண்டு திகைப்பதுண்டு. அம்பாசிடர் கார் வைத்திருந்தோர், அடியில் இறங்கி ஆயில் மாற்றவும் கிரீஸ் வைக்கவும் கட்டிய குழி அது. அக்காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. குழி மட்டும் வாய் பிளந்தபடி இருக்கிறது. மூடுவதா, வைத்துக்கொள்வதா?

சென்ற ஓராண்டில் ஒருமுறையேனும் அதில் யாராவது இறங்கினார்களா? இல்லையெனில் மூடிவிடுவதே நன்று என்பேன். குழந்தை தவறி விழும் அச்சம் எல்லோரும் அறிந்ததே. பலர் அறியாத அபாயம் வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மும்மடங்கு கனமானது. எங்கேனும் ஒழுகினால், அந்த ஆவி கலைந்து போகாமல் குழிக்குள் இறங்கித் தங்கிவிடும். ஒரு சுவிட்சின் பொறி போதும், பற்றிக்கொள்ள. சிலிண்டரிலுள்ள சமையல் வாயுவும் இவ்வாறே தாழ்ந்து தேங்கும். ‘இடம்தான் இருக்கிறதே’ என்று கூடுதல் சிலிண்டரை அக்கொட்டகையில் வைத்திருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள்.

மூடுவோர் தேங்காய் மட்டையையும் குப்பையையும் கொட்டி நிரப்ப வேண்டாம். அவை மட்கியதும் தரை அமிழ்ந்துவிடும். அடித்தளத்தில் நாலைந்து துளையிட்டு நீர் வடிய வழி செய்யுங்கள். பிறகு மணலை அரையடி அரையடியாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குங்கள். அதன் மேல் கான்கிரீட். (ஒரே மூச்சில் கொட்டி முடித்துவிடலாம் என்பார் கொத்தனார், இணங்காதீர்கள்.)

வைத்துக்கொள்வோர் கனத்த பலகைகளால் தரைமட்டமாக மூடி வையுங்கள். திறந்ததும் பெட்ரோல் வாடை சிறிதேனும் வந்தால் இறங்காதீர்கள். ஆள் உள்ளே இருக்கையில் எஞ்சினை இயக்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.