சிலம்பில் மனச்சான்று

செய்த தவற்றைப் பிறர் கண்டுவிட்டால் பிறப்பது நாணம். எவரும் காணாதபோதும் உள்ளத்தை அரிப்பது மனச்சான்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. நாணத்திற்குப் பிறர் கண்கள் வேண்டும். மனச்சான்றுக்குத் தன் நெஞ்சு ஒன்றே போதும். இந்த வேறுபாட்டைத் தமிழ்க் காப்பியங்களுள் சிலப்பதிகாரம் காட்டும் அளவுக்கு வேறொரு நூல் காட்டுவதாகக் கூற இயலாது. கற்பு, ஊழ், அரசியல் அறம் ஆகிய மூன்றையும் உணர்த்த எழுந்த நூல் அது என்பதை மாணவர் அறிவர். ஆயினும் அந்நூலுள் குற்றம் செய்தோர் யாவர், அக்குற்றத்திற்காக வருந்தினோர் யாவர் என்று இரண்டு வரிசைகளை எழுதிப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். அவ்விரு வரிசைகளிலும் உள்ள பெயர்கள் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

பொற்கொல்லனை முதலில் நோக்குக. கோப்பெருந்தேவியின் காற்சிலம்பைக் களவாடி மறைத்திருந்தவன் அவன். மதுரை வீதியில் கோவலன் ஒற்றைச் சிலம்பை விலை கூறக் கொணர்ந்தபோது, தன் களவை அவன் தலைமேல் ஏற்றிவிடலாம் என அப்பொழுதே துணிந்தான், அரசனிடம் விரைந்தான், பொய் கூறினான். கொலை முடிந்தபின் அவன் குரல் காப்பியத்தில் கேட்பதில்லை. அவன் வருந்தினான் என்றோ, உறக்கம் இழந்தான் என்றோ இளங்கோவடிகள் உரைக்கவில்லை. தீயவனை அவன் நெஞ்சே சுடும் என்று மேடையில் முழங்குவோர் பலர் உளர். சுடுவதும் உண்டு, சுடாது விடுவதும் உண்டு. மனச்சான்று எல்லாரிடத்தும் ஒரே அளவாக எரியும் விளக்கு அன்று.

கொலைக்களத்தில் நின்ற ஊர்காவலரின் நிலையோ வேறு. இப்பகுதியைக் கற்போர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடக்கத்தக்க பகுதி அன்று இது. அரசன் ஆணையோடு வந்த காவலர் கோவலனைக் கண்டவுடன் வாளை உருவவில்லை. அவன் தோற்றத்தையும் நடையையும் உற்று நோக்கினர். இவன் கொல்லத்தக்கவனாகத் தோன்றவில்லையே என்று வாய்விட்டே கூறினர். அங்கே மனச்சான்று பேசியது, தெளிவாகவே பேசியது. அதனை அடக்கப் பொற்கொல்லன் கையாண்ட முதற்கருவி நகைப்பு. காவலரின் பேதைமையைக் கண்டு அவன் உள்ளுக்குள் நகைத்தான். பிறகு களவு நூல் கற்றவன்போல், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாகும் எட்டினையும் விரித்துரைத்தான். கற்றறிந்தவன்போல் ஒருவன் அடுக்கிப் பேசும்போது, எளியவர் தம் நெஞ்சு கூறுவதை ஐயுறத் தொடங்குவர். காவலருள் ஓர் இளையோன், மழை பெய்த நள்ளிரவில் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனின் கதையைக் கூறினான். அரசன் ஒறுப்பானே என்னும் அச்சமும் உடன் எழுந்தது. இனி யாது செய்வது என்று அவர்கள் தம்முள் ஆராய்ந்து நின்ற வேளையில், கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசினான்.

வெட்டியவன் ஒருவன்தான். ஆனால் அவ்வெட்டுக்கு முன்பே நகைப்பும் நூலறிவும் கதையும் அச்சமுமாகிய நான்கும் சேர்ந்து ஒரு நல்ல ஐயத்தைக் கொன்றுவிட்டன. ‘சிறிது பொறுமின், அரசியின் சிலம்பினுள் பெய்த பரல் யாது எனக் கேட்டு வருவோம்’ என்று ஒருவன் கூறியிருந்தால் மதுரை எரிந்திராது. அதனைக் கூற வல்ல ஐயம் அவர்களிடம் இருந்தது. கூறும் துணிவுதான் இல்லை. வகுப்பறையில் ஒரு மாணவன்மேல் வீண்பழி சுமத்தப்படும்போது, அது பொய்யென அறிந்தும் பிறர் நகைப்புக்கு அஞ்சி வாய்மூடியிருக்கும் மாணவர் இந்தக் காவலரை நினைவிற் கொள்ளலாம்.

பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழையும் சிறியதன்று. ஊடிய தேவியின் சினத்தைத் தணிக்கும் விரைவில், ஆராயாது ஆணையிட்டான். கண்ணகி அவையேறி வழக்குரைத்தபோதும், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று, அரசநீதியே என்றுதான் முதலில் மறுமொழி கூறினான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். அவன் அச்சொல்லை நன்றென ஏற்று, தன் தேவியின் சிலம்பில் உள்ள பரல் முத்து எனக் கூறிச் சிலம்பைக் கொணரச் செய்தான். அரசனின் மனச்சான்று விழித்த இடம் இதுவே. வந்து நிற்பவள் அயலூர்ப் பெண்; துணையற்றவள்; அவள் கையில் இருப்பது ஒற்றைச் சிலம்பு. அவளைக் காவலர் கையில் ஒப்புவித்து வெளியேற்றியிருந்தால் தடுப்பார் யார்? அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்பதை அவன் கூறாதிருந்தால் அறிவார் யார்? வழக்கு எப்பக்கம் சாயும் என்று தெரிவதற்கு முன்னரே அவன் உண்மையை அவைநடுவே வைத்துவிட்டான்.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தவுடன் அவன் தன்னையே கள்வன் என்றான். பொற்கொல்லன் சொற்கேட்ட தான் அரசன் அல்லன் என்றான். உயிர் நீத்தான். பொற்கொல்லன் ஏமாற்றினான், காவலர் விரைந்தனர், ஊழ் மூண்டது என்று கூற அவனுக்கு எத்தனையோ வாயில்கள் இருந்தன. முற்பிறப்பில் கோவலன் செய்த கொலையின் வினை வந்து உறுத்தது என்று மதுராபதித் தெய்வமே பின்னர்க் கண்ணகிக்கு உரைக்கின்றது. பாண்டியனோ ஊழின்மேல் பழியைப் போடவில்லை; ‘யான்’ என்னும் ஒரு சொல்லுக்குள் அதனை அடக்கிக்கொண்டான்.

கோவலனும் அச்சொல்லைக் கூறியவனே. பெற்றோர்க்குத் தொண்டாற்றாமையையும் மனைவிக்கு இழைத்த கொடுமையையும் மாதரியின் மனைக்கண் கண்ணகியிடமே அவன் சொல்லி வருந்தினான். அவளும் அதனைப் பொய்யாக மறுத்து ஆற்றவில்லை; அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதை அமைதியாகக் கூறினாள். சிலம்பு விற்கச் சென்றவன் அதன்பின் திரும்பவில்லை.

தீங்குற்றவர் முகத்தை நோக்கிக் குற்றத்தை ஒப்புதல் எளிதன்று. காந்தியடிகள் ஏறக்குறைய 15 வயதினராய் இருந்தபோது, தமையனார் பட்ட கடனைத் தீர்க்க அவருடைய பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்தார். எவரும் கண்டிலர். ஆயினும் நெஞ்சு பொறுக்கவில்லை. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, நோயுற்றிருந்த தந்தையார் கையில் தாமே கொடுத்தார். தக்க தண்டனை தருமாறு வேண்டியதோடு, தம் குற்றத்திற்காகத் தந்தையார் தம்மையே வருத்திக்கொள்ளலாகாது என்றும் அதில் எழுதியிருந்தார். தந்தையார் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. பின் அத்தாளைக் கிழித்துவிட்டார். அடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனைத் தாமே எழுதியுள்ளார்.

பாண்டியனின் சாவைப் புகழ்வோர் பலர். அவன் பெருமை சாவில் இல்லை; அவன் கூறிய சொல்லில்தான் உள்ளது. அவன் உயிர் துறந்தமையால் விளைந்த பிறிதொரு தீங்கையும் கருத வேண்டும். அவனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகித் தெய்வத்தின் சீற்றம் தணியும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலில் பலியிட்டான் எனக் காப்பியம் கூறுகின்றது. களவு செய்தவன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். அவருட் பெரும்பாலோர் அச்சிலம்பைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். முன்னவன் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். பின்னவன் அதனை ஒரு தொழிலினர் அனைவர்மேலும் ஏற்றினான். நெடுஞ்செழியன் உயிரோடிருந்து, களவாடிய ஒருவனை மட்டும் ஆராய்ந்து ஒறுத்திருப்பானாயின் அந்த ஆயிரவரும் பிழைத்திருத்தல் கூடும். ஒருவன் செய்த குற்றத்திற்காக அவன் சாதியையோ தொழிலையோ ஊரையோ பழிக்கும் வழக்கம் இன்னும் உலகை விட்டு நீங்கவில்லை. வெற்றிவேற்செழியனின் செயலுக்குப் பக்தி என்று பெயர் சூட்டினும் அஃது அறமாகாது.

குற்றம் புரியாதவர் நிலை இன்னும் வியப்பானது. கவுந்தியடிகள் ஒப்படைத்த அடைக்கலத்தைக் காவாது இழந்தேனே என்று ஆயர்குல மாதரி நள்ளிரவில் தீயில் புகுந்தாள். அவள் செய்த தவறு யாது? இடம் தந்தாள், உணவுக்கு வேண்டுவன தந்தாள், தன் மகளையே துணையாகத் தந்தாள். அவள் முடிவைப் போற்றுதல் ஆகாது. நல்லோர் நெஞ்சு சிலவேளை தனக்கு உரியதல்லாத சுமையையும் ஏற்றிக்கொள்ளும். ‘அம்மா, இதில் நின் குற்றம் ஒன்றும் இல்லை’ என்று கூறுவார் ஒருவர் அன்றிரவு அவள் அருகில் இருந்திருக்க வேண்டும்.

மாடலன் என்னும் மறையோன் செய்ததோ அதனினும் சிறிது. மதுரையில் நிகழ்ந்தவற்றைப் புகார் நகரில் சென்று உரைத்தான், அவ்வளவே. அது கேட்டுக் கோவலன் தந்தை துறவு பூண்டான். தாய் உயிர் நீத்தாள். கண்ணகியின் தந்தையும் துறந்தான், தாயும் இறந்தாள். தன் வாய்ச்சொல்லால் உயிர்கள் நீங்கினவே என்று மாடலன் நெஞ்சு நொந்தது.

1606-ஆம் ஆண்டளவில் சேக்சுபியர் இயற்றிய மாக்பெத்து நாடகத்தில், கொலைக்கு உடந்தையான தலைவி, சிறிது நீர் போதும், கறை போய்விடும் என்று முதலில் எண்ணுகின்றாள். பின்னர் உறக்கத்தில் நடந்தவாறே கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகின்றாள். மாடலனோ எவரையும் கொன்றவன் அல்லன். எவரையும் கொல்லத் தூண்டியவனும் அல்லன். ஆயினும் அவன் தமிழ்நாட்டிலிருந்து கங்கை வரை நடந்தான். அங்குத் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவன் அவனை வினவியபோது, தன் சொற்கேட்டு இறந்தோர் உண்மையால் அப்பழி நீங்க நீராட வந்ததாக அவன் விடை கூறினான்.