தாதியின் சொல் அம்பலம் ஏறுமா?

2022 ஜனவரியில் நாமக்கல்லில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. எருமப்பட்டி வாசிகளும் கொல்லிமலை அடிவாரத்துக் குடியானவர்களும் உயர்தர சிகிச்சைக்கென்று சேலத்திற்கும் திருச்சிக்கும் அலையும் கஷ்டம் இதனால் ஓரளவு குறைந்தது பற்றி நமக்கு மெத்த சந்தோஷமே. ஆனால் கட்டிடமும் யந்திரங்களும் வந்த மாத்திரத்தில் நோயாளி பிழைத்துவிடுவான் என்று எண்ணுவது சரியன்று.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய இரத்த நாளத்தில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி மருந்தேற்றுகிறார்கள். சிறிது அசிரத்தை நேர்ந்தால், உயிர் காக்க வைத்த அக்குழாயே கிருமிகள் இரத்தத்தில் புக வழியாகிவிடுகிறது. வந்த நோய்க்குத் தப்பியவர் ஆஸ்பத்திரி தந்த நோய்க்கு இரையாகிறார். அக்கிருமிகளில் பல இன்று மருந்துகளுக்கு எளிதில் மசிவதுமில்லை.

இதற்குப் பரிகாரம் விலையுயர்ந்ததன்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் வற்புறுத்தியவை ஐந்தே காரியங்கள்: கை கழுவுதல், முகமூடி, அங்கி, கையுறை அணிந்து நோயாளியை முழுதும் சுத்தமான துணியால் மூடுதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், தொடைப்பக்கத்தைக் கூடியவரை தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் குழாயை எடுத்துவிடுதல். மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் இவற்றைக் கைக்கொண்டன. குழாய் இருந்த 1,000 நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த நோய்த்தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்ததென 2006-ல் வெளியான அறிக்கை கூறுகிறது.

கை கழுவ வேண்டுமென்று டாக்டர்களுக்குத் தெரியாதா? 1847-லேயே வியன்னாவில் ஸெம்மல்வைஸ் சொன்ன விஷயமாயிற்றே! மிச்சிகனில் புதிதாக நிகழ்ந்தது வேறு. விதி தவறினால் டாக்டரையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தாதிக்கு அளிக்கப்பட்டது. நிர்வாகம் அவள் பக்கம் நின்றது. ஒவ்வொரு பிரிவின் தொற்றுக் கணக்கும் அங்கு வேலை செய்வோருக்கே அவ்வப்போது காட்டப்பட்டது. கணக்கைக் கண்டவர்கள் தாமே குறையைத் தேடித் திருத்தினார்கள்.

நம் நாட்டில் இது நடக்குமா? தமிழ்நாட்டில் 2015 முதல் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்ற தாதியர், பணி நிரந்தரம் கோரிப் பன்முறை தெருவில் இறங்கிப் போராடியதை நேயர்கள் அறிவார்கள். நாளைய வேலையே நிச்சயமில்லாத ஒரு பெண், பெரிய டாக்டரைப் பார்த்து, "நிறுத்துங்கள் ஐயா, அங்கி அணியவில்லை" என்று சொல்லத் துணிவாளா? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை அவள் நன்கறிவாள். விதிகளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதால் அவள் அச்சம் தீராது.

ஆகவே, தடுத்துச் சொல்லும் தாதிக்கு யாதொரு தீங்கும் நேராதென எழுத்து மூலமான உத்தரவை சுகாதார இலாகா பிறப்பிக்க வேண்டும். தொற்றுக் கணக்கை ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலிலும் மாதந்தோறும் எழுதி வைக்கவும் வேண்டும். வரிசெலுத்தும் ஜனங்கள் அதைக் கேட்டு வாங்கும் பாத்தியதை உடையவர்கள்.