கல்வெட்டுக்கும் புள்ளி போடவேண்டும்

அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிப்பது வீண் செலவு, அந்தக் காசுக்கு மரக்கன்று கொடுக்கலாம், வறிய பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்ற பேச்சு இப்போது குடாநாட்டில் நல்ல மனத்துக்கு அடையாளமாகிவிட்டது. பேசுகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எதை நிறுத்தச் சொல்கிறோம் என்று யோசித்துப் பேசுவதாகத் தெரியவில்லை. வாசிகசாலைப் பக்கமே எட்டிப் பார்க்காத வீட்டுக்கும் வருந்தாமல் போய்ச் சேருகிற அச்சுப் புத்தகம் யாழ்ப்பாணத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நாங்கள் பழைய பழக்கத்தில் கல்வெட்டு என்று சொல்லும் இந்த மலர். மறுபக்கத்தில், மலருக்காக அச்சகத்தில் காசைக் கொட்டுகிறவர்களும் அதை ஒரு புத்தகமாக மதிப்பதில்லை. தாள் எவ்வளவு பளபளப்பு, அட்டை எவ்வளவு தடிப்பு என்பதோடு அவர்களுடைய அக்கறை முடிந்துவிடுகிறது. மலர் வேண்டாம் என்பவரும் வேண்டும் என்பவரும் கேட்க மறந்த கேள்வி மிகச் சாதாரணமானது: கையில் இருக்கும் மலர் நல்ல மலரா, கெட்ட மலரா? கவிதைத் தொகுதி வந்தால் அறிமுக விழா, ஆய்வுரை, விமர்சனம் எல்லாம் வருகின்றன. அதைவிடப் பல மடங்கு வீடுகளுக்குப் போகும் இந்தப் புத்தகத்தின் எழுத்தையும் வடிவமைப்பையும் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்பு கல்வெட்டு என்பது செய்யுள். ஊர்ப் புலவர் ஒருவரிடம் விபரம் கொடுத்து எழுதுவித்து, முப்பத்தோராம் நாள் உறவினர் கூடியிருக்கையில் ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். ஊர்ச் சிறப்பு, குடி, பெற்றோர், கல்வி, தொழில், விவாகம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், நோய், மரணம் என்று அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. திதியைச் சொல்லும் வெண்பா கட்டாயம். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் தனியே வரும். அந்தச் செய்யுள்களில் பாதி தளை தட்டும், மீதி பழைய பாடல்களின் எதிரொலி. புகழ்ச்சிக்கோ அளவே இல்லை. பெரும்பாலும் காணியும் காசும் உள்ள வீடுகளுக்கே அந்த மரியாதை கிடைத்தது, அந்த வீடுகளில் கூலிக்கு நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் குறைகளை மறைத்துப் பழையதைப் போற்றுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் ஒரு ஒழுங்கு இருந்தபடியால் எழுதுகிறவர் எதையும் முழுதாகத் தவிர்க்க முடியவில்லை. தொழில் என்ற இடம் வந்தால் தொழிலைச் சொல்லவேண்டும், நோய் என்ற இடம் வந்தால் நோயைச் சொல்லவேண்டும். வசனத்துக்கு மாறியபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது. புகழ்ச்சி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

ஓர் ஆளின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதும் கலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதால்தான் கோபம் வருகிறது. கற்பிட்டியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூராக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில்தான் அச்சேறியது. அதற்கு இருபத்தேழு ஆண்டுகளின் பின், 1886இல், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வெளிவந்தது. நானூறுக்கு மேற்பட்ட புலவர்கள். இந்த எண்ணை ஒரு தடவை நின்று யோசித்துப் பாருங்கள். தொலைபேசி இல்லை, புகைப்படம் அரிது, வாகனம் என்றால் மாட்டு வண்டி. உதயதாரகைப் பத்திரிகை வேலைக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் நடுவில் இருந்த ஒரு மனிதர், கிறிஸ்தவராக இருந்துகொண்டே, சைவப் புலவர்களையும் தாராளமாகச் சேர்த்து, அகப்பட்ட மட்டில் ஊர், தந்தை பெயர், காலம், செய்த நூல் என்று தகவலைத் தேடிப் பதிவு செய்தார். சிலருக்குச் சில வரிகள்தான். ஆனால் அந்தச் சில வரிகளிலும் ஒரு தகவல் இருக்கும். இன்று ஒருவரின் பெற்ற பிள்ளைகள், பள்ளித் தோழர்கள், அலுவலகக் கோவைகள், அல்பங்கள் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, இரண்டு பக்கம் எழுதி முடித்த பின்னும் அவர் என்ன செய்தார் என்பது தெரிவதில்லை. நானூறு பேரை ஒருவர் எழுதினார், ஒருவரைப் பற்றி நாற்பது பேர் சேர்ந்தும் எழுத முடியவில்லை. ஆர்னல்டின் தகவல்களில் பிழைகள் உண்டு என்று ஆராய்ச்சியாளர் சொல்வார்கள். சொல்லட்டும். பிழை பிடிக்கவும் முதலில் ஏதாவது ஒரு தகவல் வேண்டுமல்லவா?

உரும்பிராயை எடுத்துக்கொள்வோம். செம்மண் தோட்ட நிலம், பலாலி வீதி ஊடறுத்துப் போகும் ஊர். இங்கே 1940 அளவில் பிறந்து, தோட்டம் செய்து, அண்மையில் காலமான ஒருவருக்கு மலர் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிறுவனாகத் துலா மிதித்திருப்பார், இளைஞனாக நீரிறைக்கும் இயந்திரம் வந்ததைப் பார்த்திருப்பார். 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது கையில் காசு புழங்கி, கல்வீடு கட்டியோ பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தோ இருப்பார். 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து விலை சரிந்ததில் அடிபட்டிருப்பார். அதன் பின் யுத்தம், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு, திரும்பி வந்து மறுபடியும் மண்ணைக் கொத்தியது. ஒரு நாட்டின் பொருளாதார வரலாறு அந்த மனிதரின் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. மலர் என்ன சொல்லும்? ‘அன்னார் விவசாயத்தைத் திறம்பட மேற்கொண்டு, பிள்ளைகளை நன்னிலைக்கு ஆளாக்கி, இன்முகத்தோடு வாழ்ந்து வந்தார்.’ எழுதுவினைஞரின் கதையும் இப்படித்தான். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் சிங்களத் தேர்ச்சி இல்லாததால் பதவி உயர்வு முடங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். மலரிலோ அவர்கள் எல்லோரும் ‘அரச சேவையில் செவ்வனே கடமையாற்றி ஓய்வு பெற்றார்கள்.’ பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற ஒரு வாழ்க்கைக் குறிப்பு யாருடைய வாழ்க்கையையும் குறிக்கவில்லை. முதற் புள்ளி இங்கேதான் குறைக்கப்படவேண்டும்.

பெண்ணுக்கு வரும் மலரில் இன்னும் மோசம். அவர் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமியார். பிறகு ‘சிறந்த இல்லத்தரசி.’ விருந்தோம்பலில் நிகரற்றவர் என்பது உபரி. வெங்காயம் நட்டது, களை பிடுங்கியது, பிடி கட்டியது, புகையிலைத் தோட்டத்தில் வெயிலில் நின்றது, கணவன் கொழும்பில் உத்தியோகம் பார்த்த வருடங்களில் காணி, வழக்கு, கல்யாணம் அத்தனையையும் தனியே கொண்டு நடத்தியது, எதுவும் வராது. அவர் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பதுகூட வராது. ஒரு மலரின் எழுத்துத் தரத்தை விரைவாக அளக்க வேண்டுமானால் பெண் ஒருவரின் மலரை எடுத்து, அதிலிருந்து கணவன், பிள்ளைகள் பற்றிய வசனங்களை அடித்துவிட்டு மிச்சத்தை வாசித்துப் பார்க்கலாம். மிச்சம் இருந்தால் அது நல்ல மலர்.

அடுத்தது மழுப்பல். ‘நாட்டில் ஏற்பட்ட அசாதாரண சூழ்நிலை காரணமாக’ என்ற ஒரு தொடருக்குள் நாங்கள் முப்பது வருடத்தைப் புதைத்துவிட்டோம். குண்டு வீச்சும் அதுதான், கைதும் அதுதான், காணாமற் போனதும் அதுதான், வீடு பறிபோனதும் அதுதான். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க நகர்ந்தபோது உரும்பிராய்ப் பகுதியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மலர்களில் அந்த ஒக்ரோபர் எத்தனை வரி? 1974 யூன் 5இல் இறந்த உரும்பிராய்ப் போராளி சிவகுமாரனுக்கு ஊரில் சிலை இருக்கிறது, மாலை விழுகிறது. சிலை வைக்கப்படாத ஆயிரக்கணக்கானோருக்கு மலரை விட்டால் வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியையும் பொய்ச் சாட்சியாக்கிவிட்டு, எங்கள் வரலாற்றை மற்றவர்கள் திரிக்கிறார்கள் என்று மேடையில் முழங்குவது எவ்வளவு பெரிய நாடகம்! திரிக்க வேறு ஆள் எதற்கு? அகாலம் என்று எழுதிக் கையைக் கழுவிவிடுகிற நாங்களே போதும். பாதுகாப்புக் காரணமாக எழுத முடியாத காலம் ஒன்று இருந்தது உண்மை. இன்றும் சில விடயங்களில் பயம் நியாயமானது. ஆனால் 1958இல் எந்த ஊரிலிருந்து அடிபட்டு ஓடி வந்தார், 1983இல் கொழும்பில் எந்தத் தெருவில் வீடு எரிந்தது என்று எழுதுவதற்கு இன்னும் என்ன பயம்? அது பயமல்ல, சோம்பல்.

வடிவமைப்புக்கு வருவோம். முகில்களுக்கு நடுவில் மிதக்கும் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் தாமரை, பின்னால் நீர்வீழ்ச்சி. உயிரோடு இருந்தபோது சுருட்டுப் புகைத்தபடி சாய்மனைக் கதிரையில் இருந்த மனிதரின் இயல்பான படத்தை வெட்டி, யாரோ ஒருவரின் கோட்டுக்குள் தலையை ஒட்டிவிடுகிறார்கள். இதை வெறும் அழகுணர்ச்சிக் குறை என்று விடலாம். விடமுடியாத குறைகள் வேறு. ஊதாப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. வசனத்தைக் கவிதை போல நடுவில் நிறுத்தி அடுக்குவது. வம்சாவளி அட்டவணையைப் பூதக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத அளவுக்குச் சுருக்குவது. குழுப் படத்தில் நிற்பவர்களின் பெயர் இல்லை. பளபளப்புத் தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் எழுத்து உரிந்து வரும். எங்கள் காற்றில் கம்பிப் பின் சில மாரிகளிலேயே துருப்பிடித்து நடுத் தாளைத் தின்றுவிடும், நூலால் தைத்த மலர் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்துவிட்டு அப்படியே வைத்தால் நாளைக்குக் கணினியில் ஒரு பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாது. வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் வைத்திருந்த ஆறுமுக நாவலர், வாசிப்பவர் திணறக்கூடாது என்று சொற்களைப் பிரித்தும் குறியீடுகள் இட்டும் வசனத்தைப் பதிப்பித்தார். நூற்றைம்பது வருடத்தின் பின் நாங்கள் நீர்வீழ்ச்சிக்கு மேல் எழுத்தை அடிக்கிறோம். வடிவமைப்புக்குப் புள்ளி போட அளவுகோல் இதுதான்: ஐம்பது வருடம் கழித்து, ஆளைத் தெரியாத ஒருவர் இதை வாசிக்க முடியுமா?

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, துக்க வீட்டில் போய் விமர்சனம் பேசுவதா என்பது. துக்க வீட்டில் பேசச் சொல்லவில்லை. அச்சகத்துக்குக் காசு கொடுத்து, முந்நூறு பிரதி அடித்து, ஊருக்கு விநியோகித்த பிறகு அது ஒரு வெளியீடு. இரண்டாவது, மலரின் நோக்கமே தேவார திருவாசகங்கள், வாழ்க்கைக் குறிப்பு அல்ல என்பது. சிவபுராணமும் திருப்பொற்சுண்ணமும் எல்லா வீட்டிலும் நாலைந்து பிரதி கிடக்கின்றன, இனிக் கைத்தொலைபேசியிலும் கிடக்கின்றன, ஆறாவது பிரதியால் யாருக்கும் முத்தி கிடைக்கப்போவதில்லை. ஆனால் மறுபதிப்பு இல்லாத ஊர்க் கோயில் ஊஞ்சற் பாட்டையோ பதிகத்தையோ தேடிப் பிடித்துச் சேர்த்த குடும்பங்களும் உண்டு. சில சிறு பிரபந்தங்கள் இன்று உயிரோடு இருப்பதே அந்தப் புண்ணியத்தால்தான். அவர்களுக்கு முழுப் புள்ளி. மூன்றாவது, எல்லாரும் எழுத்தாளர் அல்லவே என்பது. தேவையில்லை. தேதி, ஊர், சம்பளம், பயிர், பள்ளிக்கூடம், போன கப்பல், வந்த கடிதம் என்று தெரிந்ததைத் தெரிந்தபடி எழுத எந்த இலக்கணமும் வேண்டாம். எழுத்தாளர் அல்லாதவர் எழுத்தாளர் போல எழுத முயல்வதில்தான் மலர் கெட்டுப்போகிறது. இப்போது இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. நாலு விபரத்தைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் உருக்கமான வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிடும். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கும் லண்டனில் இருக்கும் மகளுக்கும் நேரம் மிச்சம். நாலு விபரம் கொடுத்தால் நாலு விபரம்தான் இருக்கும், மற்றதெல்லாம் பஞ்சு.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. ஆண்டுதோறும் நூல்களுக்குப் பரிசு கொடுக்கும் அமைப்புகள் நினைவு மலருக்கும் ஒரு பிரிவு வைக்கலாம். எழுத்துக்கு எழுபது புள்ளி, வடிவமைப்புக்கு முப்பது. ஊர் வாசிகசாலைகள் அந்த வருடம் வந்த மலர்களைச் சேர்த்து ஒரு விமர்சனக் கூட்டம் வைக்கலாம். ஒரு தடவை நடந்தால் போதும், அடுத்த வருடம் அச்சகங்களே நீர்வீழ்ச்சியைக் கைவிட்டுவிடும். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. கொழும்பு சேர்த்து வைக்கிறதோ இல்லையோ, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நினைவு மலர்களைத் தனிப் பிரிவாகவே திரட்டி வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் எரிந்ததை வருடா வருடம் நினைவுகூருகிறோம். எழுதாமல் விட்ட வாழ்க்கைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் இழப்பு அதைவிடப் பெரிது, அதற்குத் தீ வைத்தவர்கள் நாங்கள்தான்.

மரக்கன்று கொடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். மலர் அடிக்கிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த மலருக்கு அச்சகத்துக்குப் போக முன், வீட்டில் மூத்தவர் ஒருவரை இருத்தி, போனவரின் வாழ்க்கையை வருடத்தோடும் ஊரோடும் தொழிலோடும் நான்கு பக்கம் எழுதி முடியுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில், நூலால் தைத்து, அச்சக விபரமும் வெளியிட்ட திகதியும் போட்டு அடியுங்கள். ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கும் இன்னொரு பிரதியை நூலக நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள்.