சாதியும் ஒரு ஒத்துழைப்புதான்

மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பிய கோயில் இது என்று ராஜா பெருமைப்பட்டுக்கொள்கிறார். பாறையைக் குடைந்தவர்கள் யார் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

நம் ஆட்கள் பேசும் ‘கூட்டு வாழ்க்கை’ப் பெருமையும் இப்படித்தான். யாரை விட்டுவிட்டுக் கூடினோம் என்பதை மட்டும் சொல்லாது. ஜோசப் ஹென்ரிச்சின் 2020 புத்தகத்துக்குப் பிறகு இந்தப் பெருமைக்கு அறிவியல் முலாமும் வந்துவிட்டது. படிக்கக் கற்பதே மூளையின் அமைப்பை மாற்றுகிறது, சமூக நெறிகள் மனதை வார்க்கின்றன என்கிறார் அவர். சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு, “மேற்கத்தியர்கள் தனிமனிதர்கள், நாம் ஊராகச் சேர்ந்து வாழ்பவர்கள்” என்று முடிக்கிறார்களே, அங்கேதான் கோளாறு.

விழுப்புரம் மாவட்டத்திலேயே பாருங்கள். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலிக்கவில்லை. ஜூனில் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்ததோ 1947இல்!

இதை ‘ஒத்துழைப்பு இல்லாமை’ என்று சொல்ல முடியுமா? ஒரு வாசலை இத்தனை காலம் மூடி வைக்க எவ்வளவு ஒற்றுமை வேண்டும்! வரி வசூல், திருவிழா, ஊர்க் கட்டுப்பாடு, மீறுபவனைத் தள்ளிவைப்பது... சாதி என்பது நன்றாகப் பழக்கப்பட்ட ஒத்துழைப்பு. எல்லைக்குள்ளே பாசம், எல்லையில் கம்பு.

கார்லா ஹாஃப், எர்ன்ஸ்ட் ஃபேர் குழுவினர் உத்தரப்பிரதேசத்தில் நடத்திய சோதனை இதைக் காட்டுகிறது. தன் சாதிக்காரன் ஏமாற்றப்பட்டால், மேல்சாதியினர் கைக்காசைச் செலவழித்தாவது ஏமாற்றியவனைத் தண்டித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் தம்மவருக்காக அந்த அளவுக்குத் தண்டிக்கவில்லை. எதிர்த்தால் என்ன நடக்கும் என்று தலைமுறைகளாகக் கற்றவர்கள் அல்லவா?

“அப்போ இது மூளையிலேயே ஊறிப்போச்சு, மாத்த முடியாது” என்பார்கள் சிலர். அதுவும் சால்ஜாப்புதான். அதே ஹாஃப், பிரியங்கா பாண்டேயோடு சேர்ந்து பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்வழிப் படங்கள் கொடுத்தார். சாதியைச் சொல்லாதவரை இரு தரப்பும் ஒரே மாதிரி தீர்த்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியை அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் மதிப்பெண் சரிந்தது. அதே மாதிரிப் பையன்கள்தான், அதே மாதிரி மூளைதான். மாறியது அந்த அறையின் விதி.

ஆகவே ‘கலாச்சாரம் மூளையை வார்க்கிறது’ என்பது பழக்கத்துக்கு மன்னிப்புச் சீட்டு அல்ல, குற்றப்பத்திரிகை. வார்த்தது நாம் என்றால் மாற்ற வேண்டியதும் நாம்தான். மனம் மாறட்டும், பிறகு கதவைத் திறக்கலாம் என்பவர்கள் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் கதவைத் திறங்கள். சேர்ந்து நின்று கும்பிட்டு வளரும் பிள்ளைகளின் மூளை அதற்கேற்ப வளரும்.